சுத்தினாலும் வெளுக்காத கல்

தம்பி, காலைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்குங்க. ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. மடியில இருக்கறது இடிபடக் கூடாத சாமான். நீங்க எது வரைக்கும்? தாராபுரமா? நல்லதுங்க, பேச்சுத் துணைக்கு ஆச்சு. நானுங்களா? நான் கரட்டுப்புதூர் பிரிவு. ஊதியூர் தாண்டி வரும். அங்க என்ற மச்சினன் ஊடு இருக்குது. என்ற சம்சாரம் வசந்தாமணி இப்ப அங்கதான் இருக்கறா. கூட்டிட்டு வரலாம்னு கெளம்பியிருக்கறேன். இன்னைக்கு அவிய அப்பனுக்கு வருசத் திதி. இன்னைக்கு வந்தா வாங்க, இல்லீன்னா இனி எப்பவும் வர வேண்டாம்னு சொல்லி அனுப்பியிருக்கறா. முப்பது வருசம் குடும்பம் பண்ணுனவ பேசற பேச்சா இது? நீங்களே சொல்லுங்க.

பொட்டியைத்தானே பாக்கறீங்க. எல்லாரும் பாப்பாங்க. வெளிய பாத்தா பழைய செட்டாப் பாக்ஸ் கூடு. கேபிள்காரன் தூக்கிப் போட்டது. உள்ள இருக்கறது வேற. எனக்குக் காங்கயத்துல டிவி ரிப்பேர் கடை. சென்னியப்பன் டிவி கடைன்னா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எந்த ஆட்டோக்காரனும் காட்டுவான். முன்னெல்லாம் டிவி கெட்டா பார்ட் மாத்துவோம். இப்ப வர்றது பூரா சில்லு, அதான் படம் தெரியற முன்கண்ணாடி, ஒடைஞ்ச டிவி. பையன் பந்தை அடிச்சுட்டான், நாய் வயரை இழுத்துருச்சு, பொண்டாட்டிகூடச் சண்டை போட்டு ரிமோட்டை வீசிட்டேன், இப்படி ஏதாவது ஒண்ணு. சில்லு போச்சுன்னா டிவி போச்சு, புதுசு வாங்குங்கன்னு அனுப்பிருவேன். பழசு என்ற கடையிலயே கெடக்கும்.

ஆனா அதுக்குள்ள இருக்கற லைட்டு சாகறதில்லீங்க. மூஞ்சிதான் சாவுது. முதுகுப் பக்கம் பட்டை பட்டையா எல்.ஈ.டி. ஒட்டியிருப்பான். கரண்டு குடுத்தா பளிச்சுன்னு எரியும். இதைக் குப்பையில போட மனசு வருமா? எனக்கு வராது. சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். டார்ச் லைட் கண்ணாடியைக் கழட்டிச் சுவத்துல வட்டம் அடிச்சுட்டிருந்தவன் நான். கெட்டுப்போன டிவிடி பிளேயர்ல ஒரு பொடி லென்ஸ் இருக்கும். அதைப் போன் கேமராவுல ஒட்டி, டிவி லைட்டுக்கு மேல எறும்பை வெச்சுப் பாத்தேன் ஒரு தடவை. எறும்புக்கு ரோமம் இருக்குதுங்க. நம்புவீங்களா? வசந்தாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அட, ஆமாங்கன்னு சொல்லிட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டா. ஆனா அன்னைக்குப் பூரா சிரிச்ச மூஞ்சியாத்தான் இருந்தா. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தோமுங்க. அதைச் சொல்லணும்.

எங்க பக்கம் காட்டுல கல்லு கெடைக்கும், தெரியுமா உங்களுக்கு? ராசிக் கல்லுங்க. ஒரு நல்ல மழை பேஞ்சா போதும், மறுநாள் வெள்ளென சனம் பூரா உழுத காட்டுல குனிஞ்ச தலை நிமிராம நடக்கும். மண்ணு கழுவிப் போயி கல்லு மினுக்கும். வெளிர்நீலத்துல கெடைக்கும், பால் மாதிரி கெடைக்கும். கொண்டு போனா யாவாரி ஒரு வெலை சொல்லுவான். நல்ல கல்லைக் கண்ணாடின்னு சொல்லிப் புடுங்கிக்கறவனும் உண்டு. நம்ம சனம் ஒடைஞ்ச பாட்டில் துண்டைப் பொறுக்கிட்டுப் போயி மானம் கெட்டு வர்றதும் உண்டு. இதுக்கு ஒரு வழி பண்ணணும்னு நானாத்தான் நெனைச்சேன். யாரும் என்னைக் கேக்கல.

போன்ல ஒரு வீடியோ வந்துச்சு. யாரோ வடநாட்டுப் பையன், இங்கிலீஷ்ல தஸ்ஸு புஸ்ஸுன்னு பேசிக்கிட்டே செஞ்சு காட்டறான். எனக்கு இங்கிலீஷு எங்க வருது? ஆனா கை புரியுதே. தொழில்காரனுக்குக் கை போதுமுங்க. சத்தத்தைக் கொறைச்சு வெச்சுட்டு அவன் கையை மட்டும் பாத்தேன். பாதி பாத்ததுமே இவ்வளவுதானான்னு புரிஞ்சு போச்சு. மீதியைப் பாக்கக்கூட இல்லை. பட்டையில நாலு லைட்டை மட்டும் வெட்டிக்கணும். அதுக்கு செட்டாப் பாக்ஸ் அடாப்டர் கரண்டே போதும். மேல பால் கலர் சீட்டு, அதுவும் டிவிக்குள்ள இருக்கறதுதான். அப்பறம் ஒடைஞ்ச சில்லு மேல கறுப்பு பிலிம் ஒட்டியிருக்கும். வென்னித் துணி போட்டு மெதுவா உரிச்சா வந்துரும். ஒரு துண்டை லைட்டு மேல ஒட்டணும். இன்னொரு துண்டை ஊறுகா பாட்டில் மூடியில வட்டமா வெட்டி ஒட்டி மேல வெக்கணும். மூடியைத் திருக்கிட்டே வந்தா ஒரு எடத்துல வெளிச்சம் அப்படியே நின்னு போகும். ரெண்டு சீப்பைக் குறுக்கும் நெடுக்கும் வெச்ச மாதிரி, ஒண்ணு விட்டதை இன்னொண்ணு அடைச்சுரும். சுத்தமா இருட்டு.

அந்த இருட்டுல கல்லை வெக்கணும் தம்பி. ரெண்டு பிலிமுக்கும் நடுவுல வெச்சு இடுக்கியில புடிச்சு மெதுவா சுத்தணும். நெசக் கல்லா இருந்தா வெளுக்கும், இருளும், வெளுக்கும், இருளும். கண்ணு முழிச்சு மூடற மாதிரி இருக்கும். கண்ணாடியா இருந்தா எத்தனை சுத்து சுத்துனாலும் வெளுக்காது. அவ்வளவுதான் சங்கதி. முதமுதல்ல ஒரு கல்லு கண்ணு முழிச்சுதே, அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சு. குப்பையில போற டிவி. அதுல இருந்து எடுத்த லைட்டு. அது உண்மையைச் சொல்லுது.

அப்பறம் சனம் வர ஆரம்பிச்சுது. மழை பேஞ்ச மறுநா என்ற கடை முன்னால டிவிக்கு வந்தவனைவிடக் கல்லுக்கு வந்தவன்தான் அதிகம். நான் ஒரு பைசா வாங்கினதில்லை. ஒருத்தனுக்கு நல்ல கல்லு, யாவாரிகிட்ட ஏமாறாம வித்தான். எனக்கு வாழத்தார் கொண்டாந்து குடுத்தான். பாக்கிப் பேருக்குக் கண்ணாடி. மூஞ்சியில அடிச்சாப்புல சொல்லிருவேன், இது கண்ணாடிங்க, தூக்கிப் போடுங்கன்னு. நீட்டி முழக்கறது நமக்கு ஆகாது. ஒரு அம்மா செத்துப்போன மகன் பொறுக்கிக் குடுத்த கல்லுன்னு முந்தானையில முடிஞ்சு கொண்டாந்துச்சு. அதுவும் கண்ணாடி. சொல்லிட்டேன். அந்தம்மா அதையே மறுபடி முடிஞ்சுக்கிட்டுப் போச்சு. கண்ணாடின்னு சொன்னப்பறமும் எதுக்கு முடியோணும்? சனத்துக்கு உண்மை வேண்டியதில்லீங்க. வசந்தாமணி அன்னைக்கே சொன்னா, ஏனுங்க, கொஞ்சம் பதனமாச் சொல்லக் கூடாதான்னு. கண்ணாடியைப் பதனமாச் சொன்னா வைரமாயிருமான்னு கேட்டேன்.

வைரம்னதும்தான் ஞாபகம் வருது. ஞாபகம் என்ன, அதைச் சொல்லத்தானே ஆரம்பிச்சது. என்ற மாமனார் நல்லமுத்துக் கவுண்டர். கரட்டுப்புதூர்ல காடு தோட்டம் வெச்சிருந்தவர். மகளுக்கு ஏழுகல் வைரத்தோடு போட்டுக் குடுத்தார். கெணத்து மேட்டுக் காட்டை வித்துத்தான் போட்டார். அதை நான் இல்லீங்கல. ஆனா போட்டமா, விட்டமான்னு இருக்கோணும். அந்த மனுசன் முப்பது வருசமா அதையே சொல்லிட்டிருந்தார். நோம்பிக்குப் போனா சொல்லுவார், சீருக்குப் போனா சொல்லுவார், எழவுக்குப் போனாக்கூடச் சொல்லுவார். மாப்பிள்ளை டிவி ரிப்பேர்தான் பண்றார், இருந்தாலும் என்ற புள்ளைக்கு நான் வைரம் போட்டுத்தான் அனுப்பினேன்னு. அந்த இருந்தாலும்ங்கற வார்த்தை இருக்குது பாருங்க, அது நெஞ்சுல முள்ளாட்டம். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவார். கெட்ட மனுசனில்லை. எனக்கு எலையில ரெண்டாவது தடவை நெய்யி அவரே ஊத்துவார். அதுவும் உண்டு.

போன வருசம் மாரியாத்தா நோம்பிக்கு முன்னால தோட்டுல ஒரு கல்லு ஆடிச்சு. கழண்டே வந்துருச்சு. ஆசாரிகிட்டக் குடுத்துப் பதிச்சுட்டு வாங்கன்னு வசந்தாமணி ஒரு காயிதத்துல மடிச்சு என்ற கையில குடுத்தா. ஆசாரி கடைக்குப் போற வழியிலதானே நம்ம கடை. கையில பொட்டி இருக்குது, கல்லும் இருக்குது. யாரா இருந்தாலும் பாப்பாங்களா மாட்டாங்களா? பாத்தேன். சுத்துனேன். இருட்டு. திருப்பி வெச்சுச் சுத்துனேன். இருட்டு. பொட்டியில கோளாறோன்னு வேற கல்லு ஒண்ணை வெச்சேன், ஜம்முனு வெளுத்துச்சு. மறுபடி தோட்டுக் கல்லு. இருட்டு.

எனக்கு அப்ப என்ன தோணுச்சுன்னு உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது? சந்தோசமுங்க. முப்பது வருசம் தூக்கிட்டு நடந்த மூட்டையை எறக்கி வெச்சாப்புல இருந்துச்சு. ஊட்டுக்குப் போயி அவகிட்டச் சொன்னேன், உங்கப்பன் போட்டது கண்ணாடின்னு. அவ அரிசி பொடைச்சுட்டிருந்தா. மொறத்தைக் கீழ வெச்சா. கோவிச்சுக்கவே இல்லை. அப்பனை எவனாச்சும் ஏமாத்தியிருப்பானுங்க, பாவம்னு சொன்னா. அப்பறம் என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. அவ கையைப் புடிக்கற ஆளே இல்லை.

"இருந்துட்டுப் போகட்டுமுங்க. அப்பங்கிட்ட மட்டும் சொல்லீராதீங்க. தாங்காது."

சரின்னுதான் சொன்னேன். சொல்லோணும்னு நெனைச்சுப் போகல. சட்டைப் பையில கல்லு இருந்துச்சு, அது ஆசாரிகிட்டக் குடுக்க மறந்து போயி இருந்துச்சு. நோம்பி அன்னைக்கு மாமனார் ஊட்டுல சாப்பாடு முடிஞ்சு ஒறம்பரை சனமெல்லாம் வாசல்ல உக்காந்திருந்தோம். மச்சினன் மகனுக்குப் பொண்ணு பாத்திருந்தாங்க, அந்தப் பொண்ணூட்டுக்காரங்களும் வந்திருந்தாங்க. கிழவர் ஆரம்பிச்சார். வைரத்தோட்டுல ஆரம்பிச்சு, மாப்பிள்ளை டிவி ரிப்பேர்தான், இருந்தாலும்னு வந்து நின்னார். புதுச் சம்பந்தி என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சான். முன்னப் பின்னத் தெரியாதவன்.

நான் எந்திரிச்சேன். மாமா, வைரம்னா சுத்தியல்ல அடிச்சாலும் ஒடையாதுங்கறாங்களே, மெய்தானான்னு கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன், மரியாதையாத்தான் கேட்டேன். கல்லை எடுத்து உள்ளங்கையில வெச்சுக் காட்டினேன். நீங்க போட்ட தோட்டுக் கல்லுதானுங்கன்னு சொன்னேன். அவருக்கு எங்க தெரியுது. பெருமையாத்தான் சிரிச்சார்.

"அடிச்சுத்தான் பாருங்களேன் மாப்பிள்ளை. வைரம் ஒடையுமா?"

அவர்தானுங்க சொன்னார். நானா சொல்லல, இத்தனை பேரு சாட்சி. ஒடையாதுன்னு ஊர் ஒலகம் பூராச் சொல்றதுதானே. வசந்தாமணி உள்ள இருந்து ஓடியாந்தா. ஏனுங்க, ஏனுங்கன்னு ரெண்டு தடவை கூப்பிட்டா. அதுக்குள்ள தொவைக்கற கல்லு மேல வெச்சு அடிச்சுட்டேன். மாட்டு முளை அடிக்கற சுத்தியல். ஒரே அடி. மாவாப் போச்சு.

நான்தான் பேசினேன். பாருங்க, கண்ணாடி, இந்தக் கண்ணாடிக்குத்தான் கவுண்டர் காட்டை வித்தார்னு சொன்னேன். அந்தச் சம்பந்தி எந்திரிச்சு அப்பால போயிட்டான். கிழவர் எந்திரிச்சு வந்து அந்தத் தொவைக்கற கல்லுகிட்டக் குத்த வெச்சு உக்காந்தார். வெரலை எச்சல்ல தொட்டுத் தொட்டு அந்தத் தூளை எடுத்து உள்ளங்கையில சேத்தார். காத்து அடிச்சுது. சேத்தது பறந்துச்சு. மறுபடி தொட்டுத் தொட்டு எடுத்தார். நான் சொன்னேன், வுடுங்க மாமா, கண்ணாடித் தூளு வெரலைக் கிழிச்சுரும்னு. நல்லதுக்குத்தானே சொன்னேன்.

வசந்தாமணி அன்னைக்கு எங்கூடக் கெளம்பல. அப்பனுக்கு ஒடம்பு சரியில்லை, ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்னா. கிழவர் சோத்தைக் கொறைச்சுட்டாராம். படுத்தவர் படுத்தவர்தானாம். மச்சினன் என்ன பண்ணுனான், மிச்சம் இருந்த தோட்டைக் கோயமுத்தூர்ல ஒரு பெரிய கடைக்குக் கொண்டு போனான். அங்க ஒரு மெசின் வெச்சிருக்கறானாம். பேனாவாட்டம் இருக்குமாம், கல்லைத் தொட்டா கீச்சுனு சத்தம் வருமாம். சத்தம் வந்துச்சாம், ஒவ்வொரு கல்லுக்கும் வந்துச்சாம். அத்தனையும் நயமான வைரம், சுத்தியல்ல அடிச்சா வைரமும் நொறுங்கும்னு சொன்னானாம். கீச்சுன்னா வைரமா? எலிகூடத்தான் கீச்சுங்குது. நான் கண்ணால பாக்கறவன். அவன் காதால கேக்கறவன். எதை நம்பறது?

மச்சினன் போயி அப்பங்கிட்டச் சொல்லியிருக்கறான், வைரமேதாம்ப்பா, கடையில சொல்லிட்டாங்கன்னு. கிழவர் ஒத்துக்கல. என்ன சொன்னாராம் தெரியுங்களா? மாப்பிள்ளை வந்து சொல்லட்டும்னாராம். அவரு வெளிச்சத்துல பாத்துச் சொல்றவரு, அவரு சொன்னாத்தான் மெய்யின்னாராம். பாருங்க தம்பி. முப்பது வருசம் என்னை ரிப்பேர்காரன் ரிப்பேர்காரன்னு சொன்ன மனுசன். கடைசியில என்ற வார்த்தையைத்தான் கேக்கறார். பெத்த மகனை நம்பல, கோயமுத்தூர்க்காரனை நம்பல. எனக்கு அதுல பெருமைதானுங்க.

அப்பத்தான் வசந்தாமணி வந்தா. கடைக்கே வந்தா. ஊட்டுக்குக்கூடப் போகல, கல்லாவுக்கு முன்னால நின்னுக்கிட்டே பேசினா.

"ஒரே ஒரு வார்த்தைங்க. அது கண்ணாடியாவே இருந்துட்டுப் போகட்டும், நான் உங்ககூட வழக்குப் பேசல. என்ற அப்பங்கிட்ட வந்து வைரம்தான் மாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க காலைப் புடிச்சுக்கறேன்."

நான் என்ன சொன்னேன்? பொய் சொல்லிப் பழக்கமில்லைன்னு சொன்னேன். பொட்டியில அப்பத்தான் ஒரு ஆளோட கல்லு இருந்துச்சு, அவனும் நின்னுட்டிருந்தான், அவன் முன்னால எப்படி? யோசிச்சுட்டு வர்றேன்னுகூடச் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லைன்னுட்டேன். அவ கொஞ்ச நேரம் பொட்டியைப் பாத்தா. என்னைப் பாக்கல. போயிட்டா. கார்த்திகை பொறக்கறதுக்குள்ள கிழவர் போய்ச் சேந்துட்டார். வயசாச்சு, போறார். எல்லாருந்தான் போறோம். சுத்தியல்ல அடிச்சது கல்லைத்தானுங்களே, ஆளையா அடிச்சேன்? எழவுக்குப் போனேன். மச்சினன் கோடித் துணி வாங்கிக்கிட்டான், மூஞ்சி பாத்துப் பேசல. வசந்தாமணி எனக்குச் சோறு போட்டா. தண்ணி வெச்சா. பேசல. எங்கூட வரவும் இல்லை. அப்ப இருந்து அங்கதான்.

எம்மக நித்யா, கோயமுத்தூர்ல கட்டிக் குடுத்திருக்குது. அது பொங்கலுக்கு வந்துச்சு. அம்மா இல்லாத ஊட்டுல அதுவே பொங்க வெச்சுது. அப்பறம் அந்த வீடியோவை எடுப்பா பாக்கலாம்னு கேட்டுச்சு. படிச்ச புள்ள, இங்கிலீஷு தெரியும். சத்தத்தை ஏத்தி வெச்சுக் கடைசி வரைக்கும் கேட்டுச்சு. அப்பா, இருட்டா இருக்கற கல்லெல்லாம் கண்ணாடியில்லைன்னு அவன் சொல்றான், வைரமும் இப்படி இருட்டாத்தான் இருக்குமாம், வைரத்துக்கு இதை நம்பாதீங்கன்னு கடைசியில சொல்றான்னு சொல்லுச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. போன்ல சொல்றதெல்லாம் வேதமான்னு கேட்டேன். நீங்க இதைச் செஞ்சதே போன்ல பாத்துத்தானேப்பான்னுச்சு. புள்ளைங்க அப்படித்தான் எதுத்துப் பேசும்.

இப்ப ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்லை. நித்யா வைர மோதரம் போட்டிருக்கும். மாப்பிள்ளை வாங்கிக் குடுத்தது. பெரிய கடையில, சர்ட்டிபிகேட்டோட வாங்குனது. அன்னைக்கு மத்தியானம் மாவு பெசையறப்பக் கழட்டி ஜன்னல்ல வெச்சிருந்துச்சு. எடுத்துப் பொட்டியில வெச்சேன். சும்மாதான். சுத்துனேன்.

இருட்டு.

அப்ப என்ன அர்த்தமுங்க? அந்தக் கடைக்காரனும் ஏமாத்திட்டான்னு அர்த்தம். வேற என்ன? எடுத்த எடத்துலயே மோதரத்தை வெச்சுட்டேன். அது கையைக் கழுவிட்டு வந்து போட்டுக்கிச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லல. என்னத்துக்குச் சொல்றது? ஆசையா வாங்கிக் குடுத்திருக்கறான், ஆசையாப் போட்டிருக்குது. கண்ணாடின்னு சொன்னா அது மனசு என்ன பாடுபடும்? அந்த மாப்பிள்ளை மூஞ்சியை அது எப்படிப் பாக்கும்? சில சங்கதியைச் சொல்லாம வுடறதுதான் மனுசத்தனம்.

என்னங்க, அப்படிப் பாக்கறீங்க? மகளுக்குப் பாத்தீங்களே, மாமனாருக்குப் பாக்கக் கூடாதான்னு கேக்கறீங்களா? கேளுங்க, கேளுங்க. அது வேற, இது வேற. எப்படி வேறன்னா, அது வேறதான்.

அந்த மோதரம் வைரம்னா, அந்தத் தோடும் வைரம். அதைச் சொல்ல வர்றீங்க. எனக்குத் தெரியாதா, நான் என்ன பச்சைப் புள்ளையா? ஆனா அது வைரம்னா நான் ஒடைச்சது என்னதுங்க? அந்த மனுசன் எச்சலைத் தொட்டுத் தொட்டுப் பொறுக்குனாரே, அது என்னது? என்ற ஒரு வார்த்தைக்குப் படுத்துக்கிட்டு வாசலைப் பாத்துட்டிருந்தாராமே, அப்ப நான் கடையில உக்காந்துட்டு என்ன பண்ணிட்டிருந்தேன்? வேண்டாங்க. அந்தப் பக்கம் போகவே கூடாது. போனா என்னால திரும்பி வர முடியாது. அது கண்ணாடி. கண்ணாடியா இருந்தாத்தான் எனக்கு ராத்திரி சோறு எறங்கும்.

வசந்தாமணிக்கு இது புரியல. அவ இப்பவும் அந்த ஒரு வார்த்தையைத்தான் கேக்கறா. அப்பன் போட்டாவுக்கு முன்னால நின்னு சொன்னாப் போதுமாம். மறுபேச்சுப் பேசாம எங்கூட வந்துருவாளாம். ஊர் கூடித் தப்புக் கட்டச் சொல்லல, கால்ல வுழுகச் சொல்லல. வைரம்தான் மாமான்னு மூணு வார்த்தைகூட முழுசா இல்லை. காலைல இருந்து கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்துட்டுத்தான் வர்றேன். வாய் வரைக்கும் வருது. அங்கயே நிக்குது. அதனாலதான் பொட்டியைக் கையில எடுத்துக்கிட்டேன். மிச்சத் தோடு அவகிட்ட இருக்குமில்ல, அவளையே கண்ணால பாக்கச் சொல்லலாம்னு. அவளே பாத்துச் சொல்லட்டும் இருட்டா வெளிச்சமான்னு. அப்ப நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லையே.

ஊட்டுல இப்ப ஒண்டியாத்தான் இருக்கறேன். கல்லுக்கு ஆளு வர்றது நின்னு போச்சு. நோம்பிச் சங்கதி காங்கயம் வரைக்கும் வந்துருச்சாட்டம் இருக்குது. டிவிக்கும் கொறைஞ்சு போச்சு. ஒடைஞ்ச டிவி லைட்டுல ஒண்ணை எடுத்து சமையக்கட்டுல மாட்டியிருக்கறேன். நல்ல வெளிச்சம். பாக்கறதுக்குத்தான் ஒண்ணுமில்லை.

என்னது, ஊதியூர் தாண்டியாச்சா? பேச்சுல தெரியல. அப்ப அடுத்தது நம்முளுதுதான். அந்த வளைவு தாண்டுனா ஒரு வேப்பமரம் வரும், அதுதான் கரட்டுப்புதூர் பிரிவு. ஊடு உள்ள தள்ளி இருக்குது, நடக்கோணும்.

தம்பி.

மரத்தடியில ஒரு பொம்பளை நிக்கறா பாருங்க, பச்சைச் சீலை. வசந்தாமணிதானுங்க. ரோட்டுக்கே வந்து நிக்கறா. நான் எந்த பஸ்ஸுல வருவேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? காலைல இருந்து ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நின்னுட்டிருப்பாளாட்டம் இருக்குது. வெயில்ல.

கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க. ஜன்னலை மறைச்சாப்புல. தயவு பண்ணுங்க. நான் குனிஞ்சுக்கறேன். கண்டக்டர் கூப்பிட்டாக் கூப்பிடட்டும், நீங்க ஒண்ணும் பேசாதீங்க. எறங்கற ஆளு எறங்கட்டும்.

கெளம்பிருச்சா?

இல்லீங்க, விசிலடிக்க வேண்டாம். நான் தாராபுரத்துக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கறேன். காங்கயத்துலயே அப்படித்தான் எடுத்தேன். வாய் அப்படித்தான் கேட்டுச்சு.

பஸ்ஸுக்குள்ள பாத்தாளா அவ? நான் குனிஞ்சுட்டேன், எனக்குத் தெரியல. நீங்க பாத்தீங்கல்ல, சொல்லுங்க. நம்ம ஜன்னலைப் பாத்தாளா? காதுல தோடு போட்டிருந்தாளா?

சரி, வுடுங்க. ஓடற பஸ்ஸுல இருந்து அதெல்லாம் எங்கீங்க தெரியப் போகுது.